ஊரே மேலே போன மத்தியானம்

நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில், மஸ்கட்டில் இருக்கிறவன் போன மாதம் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டான். இந்தக் காலத்துச் சமுதாயத்துக்கு மதநம்பிக்கை தேவையா, நாகரிகமாக விவாதிப்போம் என்று. நாகரிகம் அரைமணி நேரம் தாக்குப்பிடித்தது. அதன்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். மூன்றாமவர் வெளியேறப் போவதாக அறிவித்துவிட்டு, யாராவது தடுப்பார்கள் என்று இன்னும் உள்ளேயே காத்திருக்கிறார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் என்னை விஷயம் தெரிந்தவன் என்று சிலர் நினைத்துவிட்டதாகக் கேள்வி. இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனியாகப் போன் வந்தது. "நீ சொல்லு மக்கா, நாங்க சொல்லுதது சரிதானே" என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் கேட்டார்கள். ஐயா சாமிகளே, எனக்கு மதநம்பிக்கையைப் பற்றிக் கருத்து என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு மத்தியானம்தான் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு வேளை பிரஷர் மாத்திரையின் துணையோடு, அதை எழுதி உங்கள் முன்னால் வைக்கிறேன். பிடித்தவர்கள் சிரியுங்கள். பிடிக்காதவர்கள் வெளியேறப் போவதாக அறிவியுங்கள்.

அப்போது எனக்குப் பத்து முடிந்து பதினொன்று. மே மாத லீவு. மயிலாடிப் பக்கம் எங்கள் ஊரில் மே மாதத்துக்கு இரண்டு சத்தம் உண்டு. ஒன்று கல்பட்டறையில் உளி விழுகிற சத்தம். வருடம் முழுக்க இருப்பதுதான், மற்ற மாதங்களில் பள்ளிக்கூட இரைச்சலில் காதில் ஏறாது. பிள்ளையாருக்குத் தும்பிக்கையும் எங்கள் கல்லறைகளுக்குச் சிலுவையும் அங்கே ஒரே ஆள் ஒரே உளியால் கொத்துவார். இரண்டாவது சத்தம் வி.பி.எஸ். வெளியூரில் பெண்ணெடுத்தவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டக்கூடும் என்பதால் விளக்குகிறேன்: விடுமுறை வேதப் பள்ளி. எங்கள் சபை வளாகத்தில் இரண்டு வாரம் காலை நேரம் பாட்டு, கதை, அவலும் பழமும், ஆரஞ்சு நிறத்தில் சர்க்கரைத் தண்ணீர். கம்பளித் துணி ஒட்டிய பலகை ஒன்று இருக்கும். துணியில் வெட்டிய ஆட்டுக்குட்டியையோ ஒட்டகத்தையோ டீச்சர் அக்கா அதில் வைத்து அமுக்கினால் பசையில்லாமல் ஒட்டிக்கொள்ளும். அந்த அதிசயத்தைப் பார்ப்பதற்கே எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அந்தப் பலகை பிறகு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஒட்டகம் மட்டும் ரொம்ப நாள் என்னிடம் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். என் வகுப்பு, என் வயது, என்னைவிட அரை அடி உயரம். அவர்கள் அய்யாவழிக்காரர்கள், நெற்றியில் வெள்ளை மண்ணால் நாமம் இடுகிறவர்கள். அவளுடைய அப்பா, எனக்கு மாமா, தெருமுனையில் இருந்த நிழல் தாங்கலில் பணிவிடை செய்தார். தாங்கல் என்பது அவர்கள் கும்பிடுகிற சின்ன ஓட்டுக் கட்டடம். திருவிழா நாட்களில் அங்கே அய்யாவின் ஏடு வாசிப்பார்கள். நீட்டி, மடக்கி, கரைக்கு வந்து திரும்புகிற அலைபோல ஒரு ராகம். அதைக் கேட்டே வளர்ந்தவளுக்கு எதைப் படித்தாலும் அந்த ராகத்தில்தான் மண்டையில் ஏறும். பதினாறாம் வாய்ப்பாட்டை அவள் சொல்லக் கேட்ட கணக்கு வாத்தியார், கை தன்னால் கும்பிடப் போகிறது என்று சொன்னார்.

வி.பி.எஸ். முடிகிற ஞாயிற்றுக்கிழமை வசனப் போட்டி. வேதத்திலேயே மிக நீளமான சங்கீதத்தில் முதல் நாற்பது வசனங்களை, ஆராதனையில், சபை முழுவதும் பார்க்க, புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். முந்தைய இரண்டு வருடமும் பரிசு எனக்குத்தான். அப்பா சபைச் செயலர், நான் செயலர் மகன், கீர்த்தியை விடமுடியுமா. முதல் வாரக் கடைசியில் ஒத்திகை வைத்தார்கள். நான் பன்னிரண்டாவது வசனத்தில் நின்றேன். செருமினேன். தண்ணீர் கேட்டேன். தண்ணீர் வந்தது, வசனம் வரவில்லை. அவள் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஏட்டு ராகத்தில் முப்பது வசனத்தை இறக்கி வைத்தாள். ராகம் புதுசு என்பதால் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நிறுத்தவில்லை, பிழையும் விடவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனேன்.

"அப்பா, அவ வேத வசனத்தக் கேலி பண்ணுதா. ராகம் போட்டு இழுத்துச் சிரிக்கா."

"யாருலே?"

"பக்கத்து வீட்டுல உள்ளவ."

அப்பா பேனாவை மூடித் திறந்தார். "நீ கண்ணால பாத்தியா?"

"எல்லாரும் சிரிச்சாவப்பா."

கவனியுங்கள், கடைசியில் சொன்னதில் பொய் இல்லை. அந்த வயதிலேயே அவ்வளவு தேர்ச்சி எனக்கு.

அப்பா போட்டிப் பட்டியலை எடுத்து அவள் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அது என்ன முகம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நிம்மதி. நாமம் போட்ட பிள்ளை ஆராதனையில் ஏறி நின்றால் நம்மவர்களில் நாலு பேர் பேசுவார்கள், அவர்களிலும் நாலு பேர் பேசுவார்கள் என்று ஒரு வாரமாக மனுஷன் புழுங்கிக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு சாக்கு. திங்கட்கிழமை டீச்சர் அக்கா அவளைத் தனியே கூப்பிட்டு, இனி வர வேண்டாம் மக்கா என்று சொல்லி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை. நாமத்தைப் பார்த்துத்தான் விலக்கினார்கள் என்று அவராகவே முடிவு செய்து, "கூப்பிட்டதும் அவியதான், வேண்டாம்னதும் அவியதான்" என்று பேச்சை முடித்துவிட்டார். ஒருவருக்கொருவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் தோல் அன்றைக்கே உரிந்திருக்கும். பெரியவர்களின் மரியாதை என்னை ஒரு வாரம் காப்பாற்றியது.

இதற்கு நடுவே சனி ஞாயிறு கன்வென்ஷன் வந்து தொலைத்தது. வெளியூர்ப் பிரசங்கியார். தென்னை மரத்தில் கட்டிய தகரக் குழாய் வழியாக அவர் குரல் மூன்று ஊருக்குக் கேட்கும். பொருள், கர்த்தருடைய இரகசிய வருகை. ஒரு நாள், ஒரு நொடியில், நல்லவர்கள் அத்தனை பேரும் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். முன்னறிவிப்பு கிடையாது. "வானத்தில் ஒரு முழக்கம் கேட்கும். தூங்கி எழுந்து வருவாய். அடுப்பிலே சோறு கொதிக்கும். அம்மா இருக்க மாட்டாள்" என்றார். பிறகு என் பக்கம் விரலை நீட்டி, "ஒரு பொய் போதும், தம்பி" என்றார். கூட்டத்தில் முன்னூறு தம்பிகள் இருந்தோம். எனக்கு ஒருவனைத்தான் தெரிந்தது.

அந்த ஒரு வாரத்தை நான் கழித்த விதத்தை இன்று நினைத்தால் எனக்கே என்மேல் பரிதாபமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. காலையில் கண் விழித்ததும் அம்மா அடுக்களையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்டால் இன்னும் வருகை வரவில்லை. அம்மா கிணற்றடிக்குப் போனால் நானும் போவேன். படுக்கும்போது அம்மாவின் சேலைத் தலைப்பை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வேன். அம்மா மேலே போனால் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பஸ்ஸில் போவதுபோல நானும் கூடவே போய்விடலாம், மேலே போனபிறகு யாரும் டிக்கெட் கேட்டு இறக்கிவிட மாட்டார்கள் என்பது திட்டம். அப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அது மட்டும் திட்டத்தில் இல்லை. நரகம் தூரத்தில் இருந்தது, அப்பாவின் புளியங்கம்பு பக்கத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா ஒரு முழுச் சக்கைப்பழத்தை, உங்கள் ஊர்ப் பலாப்பழத்தை, அறுத்தாள். அளவு தெரியாமல் தின்றுவிட்டு ஓட்டுக்கடியில் பலகை போட்ட மச்சில் ஏறிப் படுத்தவன், செத்த மாதிரி தூங்கிப்போனேன்.

முழக்கம் கேட்டு விழித்தேன்.

சும்மா சொல்லவில்லை. ஓடுகள் நடுங்கின. மச்சுத் தூசி முகத்தில் கொட்டியது. வானத்தை யாரோ தார்ப்பாயை உதறுவதுபோல உதறினார்கள். அந்தச் சத்தம் தலைக்கு நேர்மேலே வந்து, கடந்து, தேய்ந்து, நின்றது. "அம்மா" என்றேன். பதில் இல்லை. ஏணியில் இறங்கினேனா விழுந்தேனா என்று இன்றுவரை தீர்மானமாகச் சொல்ல முடியாது.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் பாதி தோலுரித்த மரச்சீனிக் கிழங்கு, அதில் குத்தியபடி கத்தி. கூடத்தில் ரேடியோ தன்பாட்டுக்குப் பேசியது. வாசற்படியில் அப்பாவின் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. ஆணியில் அப்பாவின் சட்டை. சபைச் செயலர் சட்டையும் செருப்பும் இல்லாமல் வாசல் தாண்டி நான் பார்த்ததில்லை. சட்டையும் செருப்பும் தேவைப்படாத இடம் ஒன்றே ஒன்றுதானே.

தெருவுக்கு ஓடினேன். ஒரு ஆள் இல்லை. உளிச் சத்தம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து பகலில் அந்தச் சத்தம் நின்று கேட்டதில்லை. வீட்டுக்கு வீடு கதவு திறந்து கிடந்தது. போதகர் நிச்சயமாகப் போயிருப்பார், அவர் இருந்தால் பயமில்லை என்று கணக்குப் போட்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். மேஜையில் திறந்த புத்தகம், அதன்மேல் அவருடைய மூக்குக் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் போதகருக்கு வாசற்படி தெரியாது. வாசற்படி இல்லாத ஊருக்குப் போயிருக்கிறார்.

சரி, நல்லவர்கள் போய்விட்டார்கள். கெட்டவர்கள் இருக்க வேண்டுமே. டீக்கடைக்காரரைத் தேடி ஓடினேன். கடவுள் இல்லை என்று கடைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்த மனுஷன். பாலில் தண்ணீர் ஊற்றுவதை ஒளிக்கக்கூட மாட்டார். கடை திறந்து கிடந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஆள் இல்லை. கடவுளே இல்லை என்றவரையும் எடுத்துக்கொண்டார்கள். கல்பட்டறைக்கு ஓடினேன். பாதித் தும்பிக்கையோடு பிள்ளையார் தனியாக இருந்தார். கொத்தியவரையும் எடுத்துக்கொண்டார்கள். நம்மவன், அவர்களவன், எதையும் நம்பாதவன், பாலில் தண்ணீர் ஊற்றியவன் என்று ஊர் மொத்தத்தையும் கடவுள் அள்ளிக்கொண்டு போய்விட்டார். உலகத்தில் ஒரே ஒரு பாவியை மட்டும் பொறுக்கி எடுத்து விட்டுவிட்டார். பதினொரு வயது. வயிற்றில் அரைச் சக்கைப்பழம்.

கொரோனா ஊரடங்கின் முதல் நாள் நாகர்கோவிலில் ரோட்டுக்கு வந்து நின்றபோது அதே மத்தியானம் எனக்குத் திரும்பி வந்தது. வீட்டுக்காரி, "என்னத்துக்கு என் சேலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிய" என்று கேட்டாள். போகட்டும்.

அப்போதுதான் சங்கீதம் கேட்டது. தேவதூதர்கள் என்று நினைத்தேன். எனக்கும் வண்டி வருகிறது என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு ராகம் பிடிபட்டது. அவள் வீட்டு முற்றத்திலிருந்து வந்தது. ஓலைப்பாயில் மரச்சீனி வற்றல் காய, பக்கத்தில் கம்போடு உட்கார்ந்து, காக்காயை விரட்டிக்கொண்டே வசனத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். மடியில் வி.பி.எஸ்-ல் எல்லாருக்கும் கொடுத்த சின்னச் சங்கீதப் புத்தகம். பெயரை வெட்டிவிட்டார்கள், வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் படிப்பதை நிறுத்தவில்லை.

"ஏட்டி, நீ போவலியா?"

"எங்க?"

"மேல."

அவள் பனைமரத்தை அண்ணாந்து பார்த்தாள். "மேல எனக்கென்ன ஜோலி? வத்தலுக்குக் காவல் இருக்கச் சொல்லிட்டு எல்லாரும் ஓடிட்டாவ."

"ஓடல பிள்ளே. எடுத்துக்கிட்டாவ. வருகை வந்தாச்சு. நம்ம ரெண்டு பேருந்தான் மிச்சம்."

"சக்கைப்பழம் ரொம்பத் தின்னியா?"

என் முகத்தைப் பார்த்தபிறகு அவளுக்கும் லேசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கம்பைக் கீழே வைத்தாள். எனக்கோ உலகமே முடிந்துவிட்டது, அப்பாவும் இல்லை, புளியங்கம்பும் இல்லை. கொட்டிவிட்டேன். "நான்தான் சொன்னேன். நீ கேலி பண்ணுதேன்னு அப்பாட்ட நான்தான் பொய் சொன்னேன். அதான் உன் பேர வெட்டினாவ."

அவள் அழவில்லை. ஒரு பெரிய வற்றல் துண்டை எடுத்து, குறி பார்த்து, என் நெற்றியில் எறிந்தாள். பிறகு இன்னொன்று. மூன்றாவதை எடுத்தவள் யோசித்து, அதைப் பாயில் திரும்பப் போட்டாள்.

"நான் எங்க அப்பாட்ட கேட்டேன்லே, என்ன தப்பு செஞ்சேன்னு. ஒரு வாரமாக் கேட்டேன். அப்பாக்கும் தெரியல."

கீழே விழுந்த இரண்டு வற்றலையும் பொறுக்கிப் பாயில் வைத்தேன்.

"வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "எங்கிட்ட சொன்னாப் போதாது."

தாங்கலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் நிறுத்தி, சட்டையைக் கழற்று என்றாள். கழற்றினேன். எங்கள் சபையில் தலைத்துண்டோடு ஆண்கள் உள்ளே வரக்கூடாது. அவர்களிடம் தலையில் கட்டு இல்லாமல் உள்ளே போகக்கூடாது. கொடியில் கிடந்த மாமாவின் துண்டை எடுத்து என் தலையில் சுற்றினாள், கண்ணை மறைக்கிற அளவுக்கு. பிறகு தட்டிலிருந்து வெள்ளை மண்ணை எடுத்து மூக்கின் நுனியிலிருந்து மயிர் தொடங்கும் இடம்வரை கட்டைவிரலால் ஒரே இழுப்பு இழுத்தாள். அதைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. கேட்கத்தான் ஊரில் ஆள் இல்லையே.

உள்ளே இரண்டு விளக்குக்கு நடுவே ஒரு கண்ணாடி. வேறு ஒன்றும் இல்லை.

"சாமி எங்க?"

"பாக்குதேல்லா."

"நான்தான் தெரியுதேன்."

"அதாக்கும். அதுக்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். தலையில் முண்டாசு, மூக்கில் சுண்ணாம்பு, கண்ணில் நீர், கன்னத்தில் காய்ந்த சக்கைப்பழச் சாறு. இவனிடம் ஒரு பொய்யைச் சொல்லி நம்பவைப்பது ரொம்பச் சுலபம் என்று தெரிந்தது. உண்மையைச் சொல்லத்தான் நாக்கு வரவில்லை. முனகினேன்.

"கேக்கல" என்றாள் பின்னாலிருந்து.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"கேக்கல."

மூன்றாவது தடவை தாங்கலின் ஓடு பறக்கிறாப்போல் கத்தினேன். "நான் பொய் சொன்னேன். அவ கேலி பண்ணல. முப்பது வசனம் பிழையில்லாமச் சொன்னா. எனக்குப் பன்னெண்டுதான் தெரியும்."

கண்ணாடியில் எனக்குப் பின்னால் கூட்டமாக முகங்கள் தெரிந்தன. அப்பா. அம்மா. போதகர். மாமா. டீக்கடைக்காரர். ஊரே வாசலில் நின்றது. நான் திரும்பி, கையைக் கூப்பி, அப்பாவிடம் கேட்டதை அவர் சாகிறவரை என் கல்யாணத்திலும் பிள்ளைகள் பேர்வைப்பிலும் சொல்லிக் காட்டினார்.

"எப்பப்பா வந்திய? அங்க எடம் இல்லியா?"

அவர்கள் போயிருந்தது ஜங்ஷன் பள்ளிக்கூட மைதானத்துக்கு. ஏதோ கட்டடம் திறக்க மந்திரி ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினாராம். எங்கள் ஊர் அதுவரை ஹெலிகாப்டரைக் கண்டதில்லை, தூரத்தில் சத்தம் எழும்பியதுமே ஓடிவிட்டது. பையன்களோடு நான்தான் முதலில் ஓடியிருப்பேன் என்று நினைத்து அம்மாவும் ஓடிவிட்டாள். கோயிலும் சபையும் தாங்கலும் நாத்திகமும் ஒரே நேரத்தில் காலியானது எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் அந்த ஒரு மத்தியானம்தான். அவசரத்தில் அப்பா மேல்சட்டை இல்லாமல், தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போயிருந்தார். தாங்கலின் முறைப்படி பார்த்தால் அன்று சரியாக வந்து நின்றவர் எங்கள் சபைச் செயலர்தான்.

சிரிப்பதற்கு அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் நம்மவர் ஒருவர், "செயலர் மகனையே மாத்திப்புட்டாவளே" என்றார். அந்தப் பக்கமிருந்து உடனே வந்தது, "எங்க பிள்ளைய ஒரு வாரம் கூப்பிட்டு வச்சிருந்தியளே, நாங்க ஏதாம் கேட்டமா? பெறவு எச்சில் இலை மாதிரி தூக்கிப் போட்டிய." தோள்கள் இடித்தன. அப்பா என் மூக்கைப் பிடித்து நாமத்தை அழிக்கத் துண்டை அவிழ்த்தார்.

அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"மொதல்ல பொய்ய அழிப்போம். நாமத்தப் பெறவு அழிக்கலாம்."

எங்கள் வீட்டில் அம்மா அப்பாவின் கையைப் பொது இடத்தில் பிடித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போதகர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்பா நிற்கிற திசையை ஒருவழியாகக் கண்டுபிடித்தார்.

"செயலரே, பிள்ளைக்க பேர நீரா வெட்டினீரு?"

"பெரச்சனை வந்துரப்பிடாதுன்னு நெனச்சேன்" என்றார் அப்பா.

மாமா முன்னால் வந்தார். "பெரச்சனை இப்பத்தான் வந்திருக்கு ஓய்" என்றார். "எம் பிள்ள ஒரு வாரமா என்ன தப்புன்னு கேக்கா. நாமந்தான்னு நானா நெனச்சு வச்சிருக்கேன். போட்டுட்டு வரலாமா வரப்பிடாதா, அதையாவது சொல்லும்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். என் நெற்றியில் இழுத்த வெள்ளை மண் இன்னும் அவள் கட்டைவிரலில் இருந்தது. "தப்பு எங்கிட்டயாக்கும் மக்கா" என்றார். அப்பா ஒரு சின்னப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வந்து சொல்லு."

"ராகத்துலதான் எனக்கு வரும்" என்றாள் அவள். "ராகம் கூடாதுன்னா வரல்ல."

அப்பா போதகரைப் பார்த்தார். போதகர், "ராகம் இல்லாமச் சொல்ல அது என்ன வாய்ப்பாடா" என்றார். அந்த வாய்ப்பாட்டு விஷயம் அவருக்குத் தெரியாது, பாவம்.

எனக்குத் தண்டனையும் அங்கேயே அறிவிக்கப்பட்டது. பொய் சொன்னவன் போட்டியில் கிடையாது. அவள் சொல்லும்போது பக்கத்தில் நின்று புத்தகத்தைப் பிடித்துப் பிழை பார்க்க வேண்டும். புளியங்கம்பு தனி.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. சன்னல்களும் நிறைந்திருந்தன. அவளுடைய ஆட்கள் உள்ளே வரத் தயங்கி வெளியே வேப்பமரத்தடியிலும் சன்னலோரங்களிலும் நின்றார்கள். என்ன நடக்கும் என்று பார்க்க டீக்கடைக்காரரும் வந்திருந்தார், கொள்கைக்குப் பங்கம் வராமல் மதிலுக்கு அந்தப் பக்கமாக. அவள் பச்சைப் பாவாடையில், நெற்றியில் நாமத்தோடு, நடுவழியாக நடந்து வந்து பலிபீடத்துப் படியில் நின்றாள். கண்ணை மூடினாள். முதல் வசனம் ராகத்தில் எழுந்தது.

அந்த நொடியில் சன்னலுக்கு வெளியே மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தலையில் கட்டினார். கடவுள் முன்னால் நின்றால் கட்டத்தானே வேண்டும். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் கட்டினார்கள். சன்னல் சன்னலாக முண்டாசுகள். சபைக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆராதனை நேரத்தில் தலைத்துண்டை எடுக்கச் சொல்வது செயலரின் வேலை. அப்பா எழுந்தார்.

அப்பா சன்னலை நோக்கி நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் நான் ஒரு வசனத்தைத் தவறவிட்டேன். அப்பா மாமாவின் முன்னால் போய் நின்றார். ஒரு கதவு திறந்து, ஒரு கதவு சாத்தியிருந்த சன்னல் அது. அப்பா சாத்தியிருந்த கதவின் கொக்கியை இழுத்தார். துருப்பிடித்தது, வரவில்லை. உள்ளங்கையால் இரண்டு குத்து விட்டார். கதவு விரியத் திறந்தது. அடுத்த சன்னலுக்குப் போனார். அதற்கடுத்ததற்கும். எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கையில் ஒட்டிய துருவைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. கண் மூடியிருந்தது. இருபது போயிற்று, முப்பது போயிற்று. நான் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினேன். ஒரு எழுத்தாவது பிசகாதா என்று மனதின் ஒரு மூலையில் ஒரு அயோக்கியன் இன்னும் காத்திருந்தான், மறைப்பானேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. போதகர் புன்னகையோடு கையை உயர்த்தினார், போதும் என்று.

அவள் நாற்பத்தொன்றைத் தொடங்கினாள்.

நான் பக்கத்தைத் திருப்பினேன். போதகரின் கை அந்தரத்தில் நின்று, மெல்ல இறங்கி மடியில் உட்கார்ந்தது. நாற்பதோடு நிறுத்த வேண்டும் என்று அவளிடம் சொல்வதற்கு அந்த வாரம் யார் இருந்தார்கள்? பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அவள் காக்காயை விரட்டிக்கொண்டு படித்துக்கொண்டே போயிருக்கிறாள். ஐம்பது. அறுபது. முன்வரிசையில் விசிறிகள் நின்றுவிட்டன. எழுபதில் என் அயோக்கியன் என்னை விட்டு எழுந்து போனான். விரலை எடுத்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, பிழை பார்க்க வந்தவன் கேட்க மட்டும் செய்தேன்.

எண்பத்தெட்டில் நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள். அவ்வளவு பேரையும், அவ்வளவு முண்டாசையும் அப்போதுதான் பார்த்தாள். கொஞ்சம் பயந்து, போதகர் பக்கம் திரும்பினாள்.

"போதகரய்யா, இவ்வளவுதான் படிச்சேன். மிச்சத்த அடுத்த வாரம் வந்து சொல்லட்டா?"

போதகர் பிரசங்கக் குறிப்பை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்றைக்கு எங்கள் சபையில் பிரசங்கம் கிடையாது.

அதற்கு மேல்தான் அது நடந்தது. உள்ளேயிருந்து ஒரு "ஆமென்". சன்னல்களிலிருந்து ஒரு "அய்யா உண்டு". எங்கள் பக்கத்துக்கு ஆமென் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கூரை ஓடுகளைத் தூக்கின. முதலில் வாய் திறந்தது நாங்கள்தான் என்று எங்கள் ஆட்களும், தாங்கள்தான் என்று அவர்களும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கிவைத்தது டீக்கடைக்காரரின் கைதட்டல் என்று மூன்றாவது கட்சியும் உண்டு.

அவளுக்கு மிகப் பக்கத்தில் நின்றவன் நான். யார் முதலில் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். நம் குழுவில் இரண்டு பக்கத்தாரும் போன் செய்து கேளுங்கள். சொல்ல மாட்டேன்.